சந்தூக்கு பற்றி ஒரு வாய்மூல வினா

தாழைத்தீவில் வருத்தக்காரரும் மையத்தும், அதாவது நோயாளியும் பிரேதமும், ஒரே வாகனத்தில்தான் போவார்கள். பள்ளிவாசலின் பின்சுவரில் சாத்தியிருக்கும் சந்தூக்குத்தான் அந்த வாகனம். ஜனாஸாவை மையவாடிக்குக் கொண்டுபோவதற்காக வேப்பம் பலகையில் செய்து, முன்னுக்கு இரண்டு பின்னுக்கு இரண்டு என்று நாலு கைப்பிடி வைத்த உறுதியான சாமான். புத்தளம் களப்பிலே இந்தத் தீவைச் சுற்றி முந்நூறு அடிக்கு முழங்கால் சேறு. போட் அதற்கு அப்பால்தான் நிற்கும். சுகமாக இருப்பவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோய் ஏறுவான். வருத்தக்காரன் என்ன செய்வான்? பாயில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். நடுவில் தொய்ந்து முதுகு சேற்றில் உரசியது. கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகம் கூடியது. தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியார், "மவுத்தாப் போனவருக்குக் குடுக்கிற வசதிய உசிரோட இரிக்கிறவருக்குக் குடுக்கேலாதெண்டு எந்தக் கிதாபுல இரிக்கி?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து சந்தூக்கு இரண்டு வேலை பார்த்தது.

தீவில் மருந்தகம் இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். அரசாங்கத்துக்குக் கோபம் வரும். மருந்தகம் இருக்கிறது. இரண்டு தடவை திறந்து வைக்கப்பட்ட கட்டடம் அது, இரண்டு கட்சிகளும் ஆளுக்கொரு கல் பதித்திருக்கின்றன. டொக்டர் ஒருவரும் வந்தார். நாலு மாதம் இருந்தார். பிறகு ஒரு நாள் கதவில் 'வைத்தியர் வெளியே சென்றுள்ளார்' என்று ஒரு மட்டையைத் தொங்கவிட்டுப் போனார். மூன்று வருஷமாகிறது. மட்டையில் எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை.

இறால் வலை போடுகிற ஜபாருக்கு இந்தச் சந்தூக்கோடு மற்றவர்களைவிட நெருக்கம் அதிகம். அவனுடைய மனைவி ஸுஹைராவுக்கு முட்டு வருத்தம். காற்றுத் திரும்பினால் போதும், நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மூடி போட்டு மருந்தைப் புகையாகக் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் எழும்பி உட்கார்ந்து, "பசிக்கிது, பாணும் பருப்பும் வாங்கித் தாங்க" என்பாள். அவ்வளவு லேசான வைத்தியம். அந்த மூடியும் மருந்தும் தீவில் இல்லை, அவ்வளவுதான் குறை. ஒரே வருஷத்தில் ஏழு தரம் அவளைச் சந்தூக்கில் வைத்துச் சேற்றைக் கடந்தார்கள்.

"இதுல ஏறி ஏறி எனக்கு நல்லாப் பழகிட்டு," என்று ஸுஹைரா ஒரு தரம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "மையத்தா ஏத்தேக்குள்ள நான் எழும்பி உக்காந்து, ஆசுபத்திரி வந்திட்டா எண்டு கேட்டாலும் கேப்பன்." தூக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்ததில் சந்தூக்கு ஒரு பக்கம் சரிந்தது. ஜபார் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு மனைவியைப் பறிகொடுக்கப் பயம். அதை அவன் யாரிடமும் மறைத்ததுமில்லை.

மீனவர் சங்கச் செயலாளர் நளீர் இதுபற்றிப் பதினான்கு கடிதம் எழுதினான். நாட்டில் யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினால் வேலை நடக்கும் என்று நம்பிய ஆள் அவன். எல்லாக் கடிதத்துக்கும் பதில் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய பிரிவுக்கு ஆற்றுப்படுத்தப்பட்டுள்ளது.' பதினான்காவது பதிலையும் படித்துவிட்டு நளீர் கண்ணாடியைக் கழற்றினான்.

"மச்சான் ஜபார், எழுதினா இவங்களுக்கு விளங்காது. காட்டோணும். ஸுஹைராவச் சந்தூக்குல வெச்சு பிரதேச செயலகத்துக்கு முன்னுக்குக் கொண்டு போவம். கண்ணால பாத்தா எந்த மனிசனுக்கும் எரக்கம் வரும்தானே?"

பிழை இங்கேதான் நடந்தது. தாழைத்தீவாரைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விட மாட்டார்கள். சந்தூக்கில் ஆள் படுத்திருந்தால் அவர் உயிரோடும் இருக்கலாம் என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். களப்புக்கு அந்தப் பக்கத்து உலகத்துக்கு அது தெரியாது என்பது சந்தூக்கோடு பட்டணத்துக்குப் புறப்பட்ட இருபத்தாறு பேரில் ஒருவருடைய மண்டையிலும் தட்டவில்லை.

பட்டணத்தில் அதற்கு முந்திய வாரம்தான் வேறு ஒரு கூட்டத்தார் அரசாங்கத்துக்குச் சவப்பெட்டி கட்டி ஊர்வலம் போயிருந்தார்கள். அதனால் சவப்பெட்டி, கொடும்பாவி, ஒப்பாரி மூன்றுக்கும் நீதிமன்றத் தடை இருந்தது. பிரதேச செயலகத்துக்கு முன்னால் பொலிஸார் இரண்டு வரிசையில் நின்றார்கள். நீர் பாய்ச்சும் வாகனம் ஒன்றும் நின்றது. ஜபார் அதைப் பார்த்ததும், நமக்குக் குடிக்கத் தண்ணீரும் கொண்டு வந்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்தான்.

"சவப்பெட்டி கொண்டு வர ஏலாது," என்றார் பெரிய பொலிஸ் ஐயா. "கோர்ட் ஓடர் இரிக்கி."

"இது சவப்பெட்டியில்ல சேர்," என்றான் நளீர். "எங்கட அம்புலன்ஸ்."

அந்த நேரம் பார்த்து ஸுஹைரா போர்வையை விலக்கிவிட்டு எழும்பி உட்கார்ந்தாள். பெரியவர்களைக் கண்டால் ஸலாம் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். முன்வரிசைப் பொலிஸார் நாலு அடி பின்னால் போனார்கள். ஒருவர் கேடயத்தையே கீழே போட்டுவிட்டார். பொலிஸை ஆர்ப்பாட்டக்காரர் பின்வாங்கச் செய்தால் அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் அறிவித்தார்கள். 'சட்டவிரோதமாகக் கூடியிருக்கும் நீங்கள் அமைதியாகக் கலைந்து செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' தமிழ் அறிவிப்பு முடிவதற்குள் முதல் கண்ணீர்ப்புகைக் குண்டு வந்து விழுந்தது. பிறகு வரிசையாக விழுந்தன.

முட்டு வருத்தக்காரிக்குக் கண்ணீர்ப்புகை என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஜபார் அவளைத் தூக்கிக்கொண்டு கண் தெரியாமல் ஓடினான், ஓடிப் போய் ஒரு ஜீப்பில் மோதினான். அது பொலிஸ் ஜீப். உள்ளே இருந்த சார்ஜன்ட் சோமதிலக்க நல்ல மனிதர். ஸுஹைராவின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைக் கண்டதும் அவளை ஏற்றிக்கொண்டு சைரன் போட்டுப் பறந்தார். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு விரைவாக ஆஸ்பத்திரிக்குப் போனது அன்றுதான். மூன்றாம் நாள் சுகமாகி வீடு வந்தாள்.

சந்தூக்கு வரவில்லை. அது சான்றுப்பொருள் ஆகிவிட்டது. பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் சோமதிலக்க ஜபாரிடம் வாக்குமூலம் எடுக்கும்போது, "இது என்ன சாமான்?" என்று கேட்டார்.

"வருத்தக்காரரத் தூக்கிட்டுப் போற சாமான், ஐயா."

அவர் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'நோயாளர் காவும் உபகரணம் - ஒன்று. நல்ல நிலையில்.' அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் நம் சொல்லை அப்படியே நம்பி எழுதுகிறாரே என்று ஜபாருக்கு உள்ளம் குளிர்ந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தான்.

அதற்குப் பிறகுதான் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் வந்தார். தீவுக்கு வரவில்லை, வெள்ளைக் களிசானோடு சேற்றில் இறங்க முடியாதல்லவா? பட்டணத்துத் துறையில் நின்று ஆளனுப்பி ஜபாரைக் கூப்பிட்டார். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஜபார் தனக்கு வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னான். டொக்டர் வேண்டும். அது நாள் எடுக்குமென்றால் சந்தூக்கையாவது வாடைக்காற்று தொடங்க முதல் திருப்பித் தர வேண்டும். காற்றுத் திரும்பினால் ஸுஹைராவுக்கு இழுக்கும், தூக்கிப்போக ஒன்றுமில்லை.

"ரெண்டையும் பாராளுமன்றத்துல கேக்கிறன்," என்றார் எம்.பி. "சாதாரணமா கேக்கிறல்ல. வாய்மூல வினா. மினிஸ்டர் எழும்பி நிண்டு வாயால பதில் சொல்லியே ஆகோணும். அது சட்டம்."

ஒரு மினிஸ்டர் ஸுஹைராவுக்காக எழும்பி நிற்பதா! ஜபாருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வினாவுக்குத் திகதி வர ஆறு வாரம் எடுத்தது. ஜபாரும் நளீரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். சாரத்தோடு உள்ளே விட மாட்டார்கள் என்று எம்.பி.யின் செயலாளர் றிம்ஸான் சொல்லியிருந்தபடியால், தில்லையடியில் நளீருடைய மச்சான் வீட்டில் ஒரு களிசானும் ஒரு சோடிச் சப்பாத்தும் இரவல் வாங்கினார்கள். களிசான் ஜபாருக்கு இடுப்பில் பெரிது, சப்பாத்து காலுக்குச் சிறிது. பாராளுமன்ற வாசலில் கைத்தொலைபேசியை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி இலக்கம் எழுதிய தகடு ஒன்று கொடுத்தார்கள். பார்வையாளர் கலரியில் ஒருவர் வந்து ஒழுங்குகளைச் சொன்னார். கைதட்டக் கூடாது. கதைக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது.

"மூச்சு விடலாமா?" என்று ஜபார் நிசமாகவே கேட்டான்.

"அளவா விடுங்க," என்றார் அவர்.

மணி அடித்தது. எல்லோரும் எழும்பினார்கள். வெள்ளைச் சீருடை போட்ட ஒருவர் நீளமான ஏதோவொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறுதலாக நடந்து வந்தார். பின்னால் கறுப்பு அங்கியில் பெரியவர்கள் தலைகுனிந்து வந்தார்கள். ஜபாருடைய உதடு தானாகவே அசைந்து, ஜனாஸாவைக் கண்டால் ஓதுகிற 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்று ஓதிவிட்டது.

"யாரு மச்சான் மவுத்து?"

"வாயப் பொத்து. அது செங்கோல்."

மேசையில் அதைப் பூப்போல வைத்தார்கள். வைக்கும் வரை ஒருவரும் உட்காரவில்லை. ஒரு தடியைக் கொண்டுபோவதற்கு இத்தனை ஏற்பாடு என்றால் மனிதரைக் கொண்டுபோக இவர்கள் எவ்வளவு செய்வார்கள் என்று ஜபார் மனதுக்குள் கணக்குப் போட்டான். நம்பிக்கை ஒரு படி ஏறியது.

ஐந்தாவது வினா வந்தது. எம்.பி. எழும்பி, "வினாவைக் கேட்கிறேன்" என்றார். சுகாதார அமைச்சர் வெளிநாட்டில். கிராமியச் சுகாதாரம் பற்றிய மாநாடாம். அவருக்காக இன்னோர் அமைச்சர் எழும்பி, "விடையளிக்க இரண்டு வாரகால அவகாசம் கோருகிறேன்" என்றார். சபாநாயகர், "அடுத்த வினா" என்றார். ஜபார் சரியாக உட்காரக்கூட இல்லை.

"முடிஞ்சா?"

"முடிஞ்சு."

வெளியில் எம்.பி. இருவருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். "நல்லாப் போச்சு! நம்மட வினாவுக்கு ரெண்டு கெழமதான் கேட்டாங்க. மத்தவங்கட வினாவுக்கெல்லாம் ரெண்டு மாசம்."

இரண்டு வாரம் கழியும்போது வாடை வந்துவிட்டது. புறப்படுகிற அன்று விடியற்காலையிலேயே ஸுஹைராவுடைய நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. ஜபார் களிசானைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நான் போகல்ல. நளீர் போகட்டும்."

"போங்க," என்றாள் ஸுஹைரா. "இன்னைக்குப் பதில் சொல்லப் போறாங்களாமே. நமக்குப் பதில் சொல்ல ஒரு மினிஸ்டர் எழும்புறது லேசுபட்ட காரியமா? வாயில அடிக்கிற பம்ப் இரிக்கி, றிப்னா இரிக்கா. நீங்க பக்கத்துல இருந்து என் மூச்ச எண்ணி என்ன ஆகப் போகுது?"

பத்தொன்பது வயசு மகள் றிப்னாவும், "நான் பாத்துக்குவன் வாப்பா" என்றாள். அவன் போனான். போயிருக்கக் கூடாது. அதை அவன் சாகும் வரை சொல்லிக்கொண்டுதான் இருக்கப் போகிறான்.

தொலைபேசியைப் பெட்டியில் போட்டுத் தகட்டை வாங்கினான். கலரியில் உட்கார்ந்து, காதில் ஒரு குழாயை மாட்டினான். யார் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ பேசினாலும் குழாய்க்குள்ளே ஒரு பெண்பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள். வானொலி மரண அறிவித்தல் வாசிக்கிற குரல். கோபம், கிண்டல், பொய் எல்லாம் அந்தக் குரலில் ஒரே மாதிரி இதமாக வந்து சேர்ந்தது.

சுகாதார அமைச்சர் மெய்யாகவே எழும்பினார். ஜபாருடைய கண் கலங்கியது.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, விடை பின்வருமாறு. 'அ' ஒன்று: தாழைத்தீவில் மருந்தகம் உள்ளதா? ஆம். இரண்டு: அங்கு வைத்தியர் உள்ளாரா? வைத்தியருக்கான பதவி உள்ளது. மூன்று: வைத்தியர் எப்போது கடமையேற்பார்? நியமிக்கப்பட்டதும் கடமையேற்பார். 'ஆ': தீவிலிருந்து நோயாளரைக் கொண்டுவர வசதி செய்து கொடுக்கப்படுமா? அத்தீவில் நல்ல நிலையிலுள்ள நோயாளர் காவும் உபகரணம் ஒன்று இருப்பதைப் பொலிஸ் திணைக்களம் எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளது. அத்தீவைச் சேர்ந்த ஜபார் என்பவரே அதில் கையொப்பமிட்டுள்ளார். ஆகவே அந்த வினா எழவில்லை. 'இ': இன்றேல், ஏன்? எழவில்லை."

ஜபார் தன் பெயரைக் கேட்டுப் பதறி எழும்பினான். கலரிக்காரர் தோளில் கைவைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

"மேலதிக வினா!" என்று எம்.பி. முழங்கினார். "அந்த உபகரணம் இப்போது பொலிஸ் களஞ்சியத்தில் இருக்கிறதே, அது அமைச்சருக்குத் தெரியுமா?"

"உபகரணம் எங்கே இருக்கிறது என்பது சுகாதார அமைச்சுக்குரிய விடயமல்ல. உபகரணம் இருக்கிறதா என்பதே எமக்குரிய விடயம். இருக்கிறது." அமைச்சர் தண்ணீர் குடித்தார். "மேலும் ஒன்றைச் சபைக்குப் பெருமையுடன் அறிவிக்கிறேன். குறித்த பெண் நோயாளி, கண்ணீர்ப்புகை பிரயோகிக்கப்பட்டதிலிருந்து பதினெட்டே நிமிடத்தில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். சாதாரண நாட்களில் அதே நோயாளி மூன்றரை மணித்தியாலம் எடுத்திருக்கிறார். கிராமியச் சுகாதார சேவையில் இது ஒரு பாய்ச்சல். இந்த முறையை ஏனைய தீவுகளுக்கும் விரிவுபடுத்த முடியுமா என ஆராய ஒரு குழுவை நியமித்துள்ளேன்."

ஆளுந்தரப்பில் மேசைகள் அதிர்ந்தன. அடுத்துப் பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சர் எழும்பினார்.

"இருபத்தாறு ஆர்ப்பாட்டக்காரர். இருபத்தாறு கண்ணீர்ப்புகைக் குண்டுகள். ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. இனம், மதம், ஆண், பெண் என்ற பேதம் காட்டப்படவில்லை. குறைந்தபட்சப் பலம் என்று சட்டம் சொல்வது இதைத்தான்."

"அவை காலாவதியான குண்டுகளா?" என்று எம்.பி. கேட்டார்.

அமைச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "காலாவதியான ஒரு குண்டைக்கூட எங்கள் மக்கள் மீது நாங்கள் எறிய மாட்டோம்! இந்த நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்திருக்கலாம், மாவுக்கு வந்திருக்கலாம். கண்ணீர்ப்புகைக்கு ஒரு நாளாவது வந்ததுண்டா? மூன்று வருடத்துக்குப் போதுமான கையிருப்பு இருக்கிறது. எந்தத் தீவுக்கும் இரண்டு மணித்தியாலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம்!"

மேசைகள் மறுபடி அதிர்ந்தன. உற்சாகத்தில் எதிர்த்தரப்பிலும் ஒருவர் தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"உபகரணம் எப்போது திருப்பிக் கொடுக்கப்படும்?"

ஜபார் கதிரை நுனிக்கு வந்துவிட்டான். அவன் இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

"வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் கருத்துக் கூற முடியாது. ஆயினும் உபகரணம் மிகப் பாதுகாப்பாக இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் தூசு தட்டப்படுகிறது. ஆறடி நீளமும் நாலு கைப்பிடியும் உள்ள அப்பொருளை நாலு பேர் சேர்ந்து வேகமாகத் தள்ளினால் அது ஆயுதமாகும் என நிபுணர் அறிக்கை கூறுகிறது. அதற்கு உரிய மரியாதையை நாங்கள் கொடுக்கிறோம்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். "ஒழுங்குப் பிரச்சினை! இந்தக் கௌரவ உறுப்பினர் ஆளுங்கட்சியில் இருந்தபோதுதானே அந்த மருந்தகத்துக்குக் கல் பதித்தார்? கல்லில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது!"

"என் கல் முதலாவது கல்!" என்று எம்.பி. பாய்ந்தார். "டொக்டர் போனது உங்கள் கல்லுக்குப் பிறகு!"

பிறகு சண்டை கல்லைப் பற்றியே நடந்தது. யாருடைய கல் பெரியது, எது பளிங்கு, எது சீமெந்து, எந்தக் கல்லில் எழுத்துப் பிழை. குழாய்க்குள்ளே அந்தப் பெண்பிள்ளை, "நீ கள்ளன், உன் அப்பன் கள்ளன்" என்பதையும் அதே இதமான குரலில் வாசித்தாள். ஐம்பது நிமிடம் போயிற்று. சபாநாயகர் இரு தரப்பையும் அமைதிப்படுத்தி, கற்களின் அளவுகளைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்குமாறு பணித்துவிட்டு, பகலுணவுக்காகச் சபையை ஒத்திவைத்தார்.

எம்.பி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா? கிழிச்சுத் தொங்கப் போட்டிட்டன். பின்னேரம் செய்தியில வரும்."

"சந்தூக்கு எப்ப வரும் சேர்?" என்று ஜபார் கேட்டான்.

வினா எழுப்பியாகிவிட்ட பிறகு ஒருவன் இதைக் கேட்பான் என்று எம்.பி. எதிர்பார்க்கவில்லை. "அதுக்கு இன்னொரு வினா போடுவம்," என்றார்.

வாசலில் தகட்டைக் கொடுத்துத் தொலைபேசியை வாங்கினான். தவறிய அழைப்பு பதினொன்று. எல்லாம் றிப்னா. பன்னிரண்டாவதை அவன் எடுத்தான். "வாப்பா," என்று மட்டும் சொல்லி அழுதாள். களிசானோடும் சப்பாத்தோடும் ஜபார் அந்தப் பெரிய வாசலில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கே உட்காரக் கூடாது என்று ஒருவர் வந்து சொன்னார்.

நடந்தது இதுதான். பத்து மணிக்கு இழுப்புக் கூடியிருக்கிறது. பம்ப் கேட்கவில்லை. றிப்னா ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். படகு அனுப்ப எங்களிடம் இல்லை, நோயாளியைத் துறைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். பொலிஸுக்கு அடித்தாள். நோயாளர் விடயம் ஆஸ்பத்திரிக்குரியது என்றார்கள். நாலு பேர் ஸுஹைராவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துச் சேற்றில் இறக்கினார்கள். பாதி வழியில் கதிரைக்கால் முறிந்தது. தோளில் போட்டார்கள். நெஞ்சு அமுங்கி, "எறக்குங்க, எறக்குங்க" என்றாளாம். சேற்றில் எங்கே இறக்குவது? முந்நூறு அடிக்கு முக்கால் மணித்தியாலம். போட் நடுக்களப்புக்குப் போகும்போது, "அவர் வந்திட்டாரா, என்ன பதில் சொன்னாங்களாம்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. அங்கேயே போட்டைத் திருப்பினார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி எல்லாம் ஆனது. தூக்கிக்கொண்டு போகச் சந்தூக்கு இல்லை. ஹாஜியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நளீர்தான் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தான். நேற்றுப் போல இன்றும் யாருக்காவது ஆற்றுப்படுத்துவார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தான்.

பெரிய பொலிஸ் ஐயா உருகிப் போய்விட்டார். "ஐயோ, மரண வீடா? ஒரு நிமிஷத்துல அனுப்புறன்."

அனுப்பியும்விட்டார். இரண்டு எஞ்சின் பூட்டிய பொலிஸ் போட் ஒன்று களப்பைப் பிளந்துகொண்டு வந்தது. தீவுக்கு அரசாங்கப் போட் வந்தது அதுதான் முதல் தடவை, பார்க்க மக்கள் கரையில் கூடினார்கள். சார்ஜன்ட் சோமதிலக்கவும் நாலு பொலிஸாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, 'சான்றுப்பொருள் 4' என்று மட்டை கட்டிய சந்தூக்கைத் தோளில் வைத்து, அதில் ஒரு சொட்டுச் சேறு படாமல், அந்த முந்நூறு அடியையும் கடந்து கொண்டுவந்தார்கள். வேப்பம் பலகை பளபளவென்றிருந்தது. தூசு தட்டியது உண்மைதான்.

சார்ஜன்ட் ஒரு படிவத்தை நீட்டினார். "ரெண்டு மணித்தியாலத்துக்கு மட்டும்தான் ஜபார். பெறகு நாங்க திருப்பிக் கொண்டு போகோணும். இதுல ஒரு கையெழுத்து."

ஜபார் பேனையை வாங்கினான். எழுதவில்லை.

"எவ்வளவு நேரம் எடுத்திச்சு ஐயா, வாறதுக்கு?"

"பதினாறு நிமிஷம்." சார்ஜன்ட் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். "நல்ல எஞ்சின்."

"நேத்து இந்த போட் எங்க நிண்டது?"

"ஜெட்டியில."

"வேற வேலைக்குப் போனதா?"

"இல்ல. சும்மாதான் நிண்டது."

"என்ட மகள் நேத்து உங்களுக்கு அடிச்சவ ஐயா. நாலு தரம் அடிச்சவ."

சார்ஜன்டுக்குச் சங்கடமாகிப் போயிற்று. நல்ல மனிதர் என்று முதலே சொன்னேன். குரலைத் தாழ்த்தி, விளங்காத பிள்ளைக்கு விளக்குவதுபோல் சொன்னார். "நேத்து கேட்டது வருத்தக்காரர ஏத்த. அதுக்கு எங்கட போட் குடுக்க ஏலாது, அது வேற அமைச்சு. இது அப்பிடியில்ல. சான்றுப்பொருள் போறதெண்டா நாங்க கொண்டு வந்தே ஆகோணும். அது எங்கட பொறுப்பு."

ஜபார் கையெழுத்து வைத்தான். நாலு பேர் ஸுஹைராவைத் தூக்கிச் சந்தூக்கில் வைத்தார்கள். முன்பக்கத்து இடது கைப்பிடியை ஜபார் பிடித்தான். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்து, மையவாடி வரைக்கும் மரியாதையாகப் பின்னால் நடந்து வந்தார். இடைக்கிடை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டார்.